ஐயோ என்றேன், முழங்கால் மடங்கியது

போன ஐப்பசியில் என் வலது கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டே கிடந்தது. முழங்கால் மூட்டை மாற்றி ஆபரேஷன் செய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. எழுந்து நடமாடி, ஆலங்குடிக் கடைத்தெருவுக்குப் போய் வர வேண்டிய நேரம் அது. நானோ கூடத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் கால் என்று உட்கார்ந்திருந்தேன். காலைத் தொட்டால் வலியில் உயிர் போகும். இனிமேல் இந்தக் கால் இப்படியேதான், நமக்கு இவ்வளவுதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அந்தக் காலை இன்று மடக்கிப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை நாலு பேரிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் சாராள். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஸ்தோத்திரம் டீச்சர் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். ஆலங்குடிக்குப் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் எதைக் கேட்டாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி என் வாயில் முதலில் வருவது ஸ்தோத்திரம்தான். "சாப்பிட்டாச்சா டீச்சர்?" "ஸ்தோத்திரம், ஆச்சு." "மழையே காணோமே டீச்சர்?" "ஸ்தோத்திரம், பெய்யும்." எங்கள் வீட்டு ஆடு செத்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்தவரிடமும் வாய் தவறி ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்து அதையும் கொடுப்பார்.

விசுவாசிகளில் நிறையப் பேருக்கு உள்ள வழக்கம்தான் இது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாயில்லை என்று சொல்லக்கூடாது. சுகம் கிடைத்துவிட்டது என்று முதலில் வாயால் அறிக்கை செய்ய வேண்டும். உடம்பு பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும். நான் அப்படித்தான் வளர்ந்தேன். அதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ கஷ்டத்தை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டியிருக்கிறேன். ஆனால் முழங்கால் விஷயத்தில் அதே வார்த்தை என்னை வசமாக மாட்டிவிட்டது.

ஆவணிக் கடைசியில் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே முட்டி தேய்ந்துபோய், அங்கன்வாடியில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், அ ஆ படிக்கிற பிள்ளைகள் கை கொடுத்துத் தூக்கிவிடுகிற நிலைமையில்தான் இருந்தேன். எங்கள் சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் கேட்டார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"ஸ்தோத்திரம் டாக்டர். நல்லா இருக்கேன்."

"ராத்திரி தூக்கம் வருதா?"

"கர்த்தர் நல்ல தூக்கம் குடுக்குறாரு."

கர்த்தர் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். முழங்கால் விடவில்லை. படுத்தால் உள்ளே யாரோ இடுக்கியை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொன்னால் என் விசுவாசம் என்ன ஆவது? டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். "பரவாயில்லையேம்மா, ஒங்களுக்கு நல்லாவே செட் ஆயிருச்சு. அப்ப இந்த வலி மாத்திரையைக் கொறைச்சிரலாம். எக்சர்சைசை மட்டும் விட்றாதீங்க. தினமும் காலை மடக்கி மடக்கிப் பழகணும். இல்லன்னா மூட்டு இறுகிப் போயிரும்" என்றார். நான் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துச் சபைக்குப் போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "வலி என்பதே எனக்கு இல்லை, கர்த்தர் எடுத்துப்போட்டார்" என்று சாட்சி சொன்னேன். சபையே அல்லேலூயா என்று முழங்கியது. அந்தச் சத்தத்தில் எனக்கே வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆட்டோவில் ஏறினதும் திரும்பி வந்துவிட்டது, கூட நாலு பேரையும் அழைத்துக்கொண்டு.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சபை நடுவில் வலி இல்லை என்று சொல்லியாயிற்று. அதற்கு அடுத்த வாரம் பாஸ்டர் ஐயா பிரசங்கத்தில் என்னையே உதாரணம் காட்டிவிட்டார். "நம்ம டீச்சர் மொகத்தைப் பாருங்க, எங்கயாவது ஒரு சுளிப்பு இருக்கா?" என்றார். இருந்தது. அதற்கு மேல் பவுடர் போட்டிருந்தேன். சபையில் என் கால் நாற்காலிக்கு வெளியே நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். காணிக்கைப் பை பிடித்து வருகிற சகோதரர் ரெண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தார்.

வீட்டில் எக்சர்சைஸ் செய்ய உட்கார்ந்தேன். காலை மடக்கினால் வாய் திறந்துகொள்ளும். வாய் திறந்தால் ஐயோ வரும். ஐயோ வந்தால் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கேட்கும். செல்வி நம் சபைக்கு வருகிறவள். ஆகவே நான் காலை மடக்கவில்லை. மடக்காமல் வைத்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம். என் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்து, "எக்சர்சைஸ் செஞ்சியா?" என்று கேட்பார். "ஸ்தோத்திரம்" என்பேன். செய்தேன் என்று அவர் எடுத்துக்கொள்வார். அந்த வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இதற்கு நடுவில் எஸ்தர் வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஜெபக்கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுக்கும் ரெண்டு முட்டியும் போச்சு. ஆபரேஷன் என்றாலே அழுதுவிடுவாள். அன்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒங்க சாட்சியைக் கேட்டப்பறந்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. ஒங்களுக்கு வலிக்கலைன்னா எனக்கும் வலிக்காதுல்ல? தை மாசம் வச்சுக்கலாம்னு எங்க வீட்டுக்காரவுககிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் போன பிறகு அன்றைக்கெல்லாம் எனக்கு எதுவும் ஓடவில்லை.

ஐப்பசியில் மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் என் குதிகாலைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். கொஞ்சம் போய் நின்றுவிட்டது. இன்னும் தள்ளினார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதாம்மா?"

"ஸ்தோத்திரம். இல்லை டாக்டர்."

"வலியே இல்லைங்கிறீங்க, அப்பறம் ஏன் மடங்க மாட்டேங்குது?" அவருக்கே குழப்பம். எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "மூட்டு இறுக ஆரம்பிச்சிருக்குங்க. ரெண்டு வாரம் பாக்குறேன். அதுக்குள்ள நாற்காலியில ஒக்காந்து பாதத்தைத் தரையில ஊணுற அளவுக்காவது மடங்கணும். இல்லன்னா திரும்ப மயக்கம் குடுத்து நாங்களே மடக்கிவிட வேண்டி வரும்."

திரும்ப மயக்கம். முதல் ஆபரேஷனில் மயக்கம் தெளிந்தபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அப்படியே செய்தாலும் கால் பழையபடி மடங்குமா என்றால், பார்க்கலாம் என்கிறார். புதுக்கோட்டை வரும்வரை காரில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர், "என்ன சாரா, இன்னைக்கு ஸ்தோத்திரத்தையே காணோம்" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மதியம், அவர் தோப்புக்குப் போன பிறகு, வாசல் கதவைச் சாத்திவிட்டு ஜெபித்தேன். முழங்கால் போட முடியாது. நாற்காலியில் நீட்டிய காலோடுதான். "ஆண்டவரே, இன்னொரு தடவை மயக்க ஊசி எனக்கு வேண்டாம். இந்தக் கால் மடங்கணும். உம்ம நாமத்தைச் சொல்லி சபையில சாட்சி சொல்லிட்டேன், அது பொய்யாப் போயிரக்கூடாது. நல்ல ஜெப வரம் உள்ள ஒருத்தரை எங்க வீட்டுக்கு அனுப்பும்" என்று கேட்டேன். பாருங்கள், தனியாக இருக்கும்போதுகூட, அவரிடம்கூட, வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. வருகிற ஊழியர் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் வேதாகமத்தோடு, கொஞ்சம் நரைத்த தலையோடு இருப்பார் என்றுகூட நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அடுத்த நாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நரைத்த தலை சரியாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் மாறிவிட்டது. ரெண்டு கையிலும் கட்டைப் பையோடு இறங்கியது எங்கள் சம்பந்தியம்மா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் காமாட்சி. ஊர் கீரனூர். என் மருமகளுடைய அம்மா. பிள்ளைகள் ரெண்டு பேரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் அவர் நம் விசுவாசம் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்து நின்று சொன்னவர். அவருக்குத் தலைவலி என்றால் தெருவுக்கே தெரியும். முந்தின வருஷம் அவருக்கும் இதே முழங்கால் ஆபரேஷன் நடந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது வார்டே அதிர்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார். "பாவம், விசுவாசம் இல்லாதவுக" என்று நான் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் மருமகள் போனில் என் கால் கதையைச் சொல்லியிருக்கிறாள். உடனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

படி ஏறினார். கம்பு இல்லை, வாக்கர் இல்லை. எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சம்பந்தியம்மா, காலை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? ரொம்ப வலிக்குதா?"

"ஸ்தோத்திரம். வலியெல்லாம் இல்லைங்க."

ஒற்றை விரலால் என் முட்டிக்குப் பக்கத்தில் லேசாக அழுத்தினார். நான் நாற்காலியோடு ஒரு துள்ளு துள்ளினேன்.

"இல்லையா?" என்றார்.

அவர் எழுந்து போய்க் கொடியில் கிடந்த ரெண்டு துண்டை எடுத்துவந்தார். ஒன்றைத் தன் பாதத்துக்கு அடியில் போட்டார், என் காலை ஸ்டூலிலிருந்து மெல்ல இறக்கி இன்னொன்றை என் பாதத்துக்கு அடியில் போட்டார். "இங்கிட்டுப் பாருங்க. குதிகாலை அப்படியே தரையில தேச்சுப் பின்னாடி இழுக்கணும். எங்களுக்கு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தது. ஒங்களுக்கும் இதான சொல்லிருப்பாக? நான் எப்படிச் செஞ்சேன்னு காட்டுறேன்" என்றவர், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஒரு சத்தம் போட்டார். "ஆத்தா! மாரியாத்தா! ஐயோ! உசுரு போகுதே!" எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கூரைமேல் இருந்த காக்கா பறந்துபோனது.

"இன்னமும் அவ்வளவு வலிக்குதா ஒங்களுக்கு?" என்றேன், பயந்துபோய்.

"இப்ப எங்க வலிக்குது? அப்ப எப்படிக் கத்துனேன்னு காட்டுனேன்" என்று சிரித்தார். "சரி, இப்ப நீங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டு காலை இழுத்தேன். பல்லுக்கு நடுவில், "ஸ்தோத்திரம்... ஸ்தோத்திரம்..." என்றேன். கால் கட்டையாக நின்றது. தொடையெல்லாம் கல்லாக இறுகியிருந்தது.

"அது என்ன சோத்திரம்? வலிச்சா ஐயோன்னு சொல்லுங்க."

"நாங்க அப்படிச் சொல்லக்கூடாதுங்க சம்பந்தியம்மா."

"ஏன்? ஒங்க சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா..."

"ஒங்களுக்கு வலிக்குதுன்னு ஒங்க சாமிக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும். ஒங்க முட்டிக்கும் தெரியும். அப்பறம் யாருகிட்ட மறைக்கிறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வலி வந்தபோதெல்லாம் ஆண்டவரை நோக்கிக் கதறினவர்கள் வேதம் முழுக்க இருக்கிறார்கள். சிலுவையில் அவரே சத்தமிட்டுத்தானே கூப்பிட்டார்? அவர் யாருக்காகவும் முகத்தில் பவுடர் போட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தானே நான்?

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டு மேல் இருந்த குதிகாலை ஒரே இழுவையாக இழுத்தேன். "ஐயோ ஆண்டவரே! வலிக்குதே! என்னால முடியலையே!" ஆவணியிலிருந்து உள்ளே அடைத்து வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. சம்பந்தியம்மா விடவில்லை. எனக்குத் துணையாக அவரும் "ஐயோ ஆத்தா!" என்று ஆரம்பித்தார். நான் "ஆண்டவரே!" என்று கூப்பிட, அவர் "ஆத்தா!" என்று கூப்பிட, கூடமே கிடுகிடுத்தது.

எங்கள் பக்கம் ரெண்டு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஐயோ ஐயோ என்று கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதலில் செல்வி ஓடி வந்தாள், கையில் குழம்புக் கரண்டியோடு. "ஐயையோ, அண்ணன் போயிட்டாகளா?" என்று வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தெருவில் நாலைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழவே ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக, தோப்பிலிருந்து காலெல்லாம் சேறோடு, என் வீட்டுக்காரரே மூச்சிரைக்க ஓடி வந்து நின்றார்.

"யாரு? யாரு போயிட்டா?" என்றார்.

செல்வி அவரைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். "நீங்கதான்னு நெனச்சேன்ணே" என்றாள்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். அப்புறம் நான். பிறகு மொத்தக் கூடமும் சிரித்தது. அழ வந்தவர்கள் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறே புண்ணாகிவிட்டது. அப்போது சம்பந்தியம்மா என் கையைத் தட்டி, "கீழ பாருங்க" என்றார். பார்த்தேன். சிரித்த சிரிப்பில் நான் காலையே மறந்திருக்கிறேன். இறுக்கமெல்லாம் விட்டுப்போய், குதிகால் தானாகப் பின்னால் நகர்ந்து வந்திருந்தது. டாக்டர் தள்ளியபோது நின்ற இடத்தைத் தாண்டி வந்திருந்தது. அந்த இடத்திலேயே, அத்தனை பேருக்கு நடுவில், நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். ஒருத்தரை அனுப்பும் என்று கேட்டேன், அனுப்பிவிட்டார். யாரை என்பதை மட்டும் என்னிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பாஸ்டர் ஐயாவும் பாஸ்டரம்மாவும் வந்தார்கள். செய்தி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. "ஐயா, எனக்கு வலி போகலை. அன்னைக்கே போகலை. சபையில சொன்னது தப்பு" என்றேன். ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பயந்துவிட்டேன். பிறகு பாஸ்டரம்மா பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "டீச்சர், இவுகளுக்கு ஒரு வாரமாப் பல்வலி. ஒங்க சாட்சியை வச்சுப் பிரசங்கம் பண்ணிட்டு இப்ப எப்படி டாக்டர்கிட்டப் போறதுன்னு கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு அலையிறாக." ஐயா சிரிக்கப் பார்த்தார். பல் விடவில்லை. மறுநாளே ஆலங்குடிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

நாங்களும் டாக்டர் சொன்ன நாள்வரை காத்திருக்காமல் திருச்சிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் நான்தான் முதலில் பேசினேன். "டாக்டர், வலிக்குது. மொதல்லருந்தே வலிக்குது. படுக்க முடியலை. மடக்க முடியலை." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லிருந்தா எனக்கு எம்புட்டு வேலை கொறைஞ்சிருக்கும்மா" என்றார். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வைத்த மூட்டில் ஒரு குறையும் இல்லை, சீழ் கீழ் எதுவும் இல்லை என்று தெரிந்தது. மாத்திரையைச் சரியாகப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு எக்சர்சைஸ் செய்யுங்கள், முடித்ததும் ஐஸ் வையுங்கள், இன்னும் சில மாதத்துக்கு இந்த வலி இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்து மடக்காமல் விட்டால்தான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். வலிப்பது இயற்கைதான் என்று கேட்டபோதே எனக்குப் பாதி வலி போன மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மா கார்த்திகை வரை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காருவோம். நான் ஆண்டவரைக் கூப்பிடுவேன், அவர் ஆத்தாவைக் கூப்பிடுவார். கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். செல்வி கடிகாரம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். "டீச்சர் வீட்டு ஐயோ கேட்டாத்தான் நான் ஒலை வைக்கிறது" என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது சம்பந்தியம்மா, "ஆஸ்பத்திரியில என்னைப் பாக்க வந்தப்ப மொகத்தைச் சுளிச்சீங்கள்ல?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "கொழம்புல உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்றைக்கு என் வீட்டில் எந்த ஜெபத்திலும் அவர் பெயரைச் சொல்லாமல் ஆமென் சொல்வதில்லை.

டாக்டர் சொன்ன கெடு வந்தது. நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தார். என் பாதம் தரையில் முழுசாக ஊன்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். பெரிதாகவே ஒரு ஐயோ சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குதிகால் நாற்காலிக்கு அடியில் போனது. "போதும்மா போதும், மயக்கமெல்லாம் வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க" என்று டாக்டர் சிரித்தார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்த ஞாயிறு சபையில் மறுபடி எழுந்து நின்றேன். வாக்கர் இல்லாமல். முதல் சாட்சியைத் திருத்திச் சொன்னேன். "வலிச்சது. இன்னும் வலிக்குது. ஆனா கால் மடங்கிருச்சு. ஐயோன்னு கூப்பிட்டதையும் கர்த்தர் ஜெபமா எடுத்துக்கிட்டாரு" என்றேன். பிறகு பின்வரிசையில் ஒரு பெரியவர், "எனக்கு இடுப்பு வலிக்குதுங்க ஐயா, ரொம்ப நாளா" என்றார். அடுத்து ஒரு சகோதரி எழுந்தாள். அன்று அல்லேலூயாவைவிட வலிதான் அதிகமாகக் கேட்டது. பாஸ்டர் ஐயா ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். காணிக்கைப் பை என்னைத் தாண்டிப் போனபோது அந்தச் சகோதரர் பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தார். தடுக்க அங்கே என் கால் இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது எஸ்தரை நினைத்துத்தான். என் பேச்சை நம்பித்தானே ஒத்துக்கொண்டாள்? இப்போது வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டால், அவள் கால் என்ன ஆவது? ஆராதனை முடிந்ததும் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். "எஸ்தரு, வலிக்கும். ரொம்பவே வலிக்கும். நான் ஒனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க வலிக்காதுன்னு சொன்னப்ப சந்தோஷமாத்தான் போனேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தாத் தூக்கம் வரலை. எனக்கு மட்டும் வலிச்சிட்டா, இவளுக்கு விசுவாசம் கொறைச்சல்னு எல்லாரும் நெனப்பாகளேன்னு ஒரே பயம். இப்பத்தான்க்கா நிம்மதியா இருக்கு" என்றாள்.

தை மாதம் அவளுக்கு ஒரு கால் ஆபரேஷன் நடந்தது. முதல் நாளே டாக்டர் கேட்டதற்கு, "உசுரு போகுது டாக்டர்" என்று சொல்லிவிட்டாளாம். இப்போது எங்கள் கூடத்தில் மூன்று நாற்காலி. சம்பந்தியம்மா மாதத்துக்கு ஒரு தடவை கீரனூரிலிருந்து கட்டைப் பையோடு வந்துவிடுகிறார், எஸ்தருக்குக் கத்தச் சொல்லிக்கொடுக்க. அவள் எங்கள் ரெண்டு பேரையும் மிஞ்சிவிட்டாள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வலி இருந்தால், உடம்பிலோ மனதிலோ, அதை ஸ்தோத்திரத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஆண்டவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். டாக்டரிடமும் உள்ளபடி சொல்லுங்கள். ஆண்டவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறந்து விடுங்கள். நீங்கள் நினைத்த சட்டையில் வர மாட்டார்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

போன வாரம் புதுக்கோட்டை போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். படியில் கால் வைக்கும்போது முட்டி சுரீர் என்றது. ஆனாலும் மடங்கியது, ஏற்றிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரெண்டு காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கண்டக்டர், என்னை நன்றாகத் தெரிந்தவர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன டீச்சர், கால் எப்படி இருக்கு?"

"வலிக்குதுப்பா" என்றேன். "ஸ்தோத்திரம்."